டிஸ்க் ஆபரேஷன் ஆகி பத்து வாரம் ஆச்சு, பாதம் இன்னும் தூக்க வரல, ஆபரேஷன் ஃபெயிலா?

தம்பி, நீங்க கேட்டது இதுதான். அப்பாவுக்கு 58 வயசு, குட்டி யானை லோடு வண்டி ஓட்டுறாரு, எட்டு வருஷமா சுகர், பீடி பழக்கம் உண்டு. இடுப்புல எல்4-எல்5 எலும்புக்கு நடுவுல இருக்குற ஜவ்வு, அதாவது டிஸ்க், பிதுங்கி நரம்ப அமுக்கி ஏழு மாசம் வலியோட இருந்தாரு, அதுல கடைசி ரெண்டு மாசம் இடது பாதத்த தூக்கவே முடியாம போனதுக்கு அப்புறம்தான் ஆபரேஷன். இப்ப பத்து வாரம். தொடையிலேருந்து கெண்டைக்கால் வரைக்கும் சுள்ளுனு இழுத்த வலி போயிடுச்சு, ஆனா பாதம் மரமரப்பு அப்படியே இருக்கு, செருப்பு கழண்டு விழுந்தா கூட தெரியல, குறுக்கு வலியும் கொஞ்சம் இருக்கு. அதே ஆபரேஷன் பண்ணின உங்க சித்தப்பா பையன் 29 வயசு, மூணு வாரத்துல பைக் எடுத்துட்டான். அப்ப அப்பாவுக்கு சரியா பண்ணலையா, இன்னொரு ஆபரேஷன் வேணுமான்னு கேக்குறீங்க.

நான் பிசியோதெரபிஸ்ட், இந்த ஆபரேஷன் முடிஞ்சு வர்றவங்களத்தான் வருஷக்கணக்கா பாத்துட்டு வர்றேன். நேர்ல பாக்காம முடிவா சொல்ல மாட்டேன், ஆனா நீங்க எழுதினத வச்சு பாத்தா ஃபெயில்னு சொல்ல இதுல ஒண்ணும் இல்ல. கால் வலி போயிருக்கு பாருங்க, நரம்பு மேல இருந்த அமுக்கம் எடுபட்டுடுச்சுங்கறதுக்கு அதுதான் நல்ல அடையாளம். சர்ஜனோட வேலை அந்த பாரத்த எடுத்து விடுறது வரைக்கும்தான். நசுங்கின நரம்ப கத்தி வச்சு யாராலயும் சரி பண்ண முடியாது, அது தானா ஆறணும். எவ்வளவு நாள் நசுங்கி இருந்துச்சு, எவ்வளவு பலமா நசுங்கி இருந்துச்சு, ஆறுறதுக்கு உடம்புல என்ன வசதி இருக்கு, இது மூணும்தான் மீதி கதைய தீர்மானிக்குது. உங்க சித்தப்பா பையனுக்கும் அப்பாவுக்கும் ஆபரேஷன் பேரு மட்டும்தான் ஒண்ணு.

நரம்புங்கறது ஒரே கம்பி இல்ல, ஆயிரக்கணக்கான இழை சேர்ந்த கேபிள் மாதிரி. நிறைய இழைங்க மேல மயலின்னு ஒரு கொழுப்பு உறை இருக்கும், நம்ம வீட்டு வயர்ல பிளாஸ்டிக் உறை இருக்கே அது மாதிரி. 1943-ல, இரண்டாம் உலகப் போர் நடந்துட்டு இருந்த சமயத்துல, செடன்னு இங்கிலாந்து சர்ஜன் ஒருத்தர் நரம்பு அடிபடுறத மூணு தரமா பிரிச்சாரு, இன்னிக்கும் நாங்க அததான் சொல்றோம். முதல் தரம், உறை மட்டும் நசுங்கியிருக்கும், உள்ள இருக்குற இழைக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, இது சில வாரத்துல, மிஞ்சிப்போனா ரெண்டு மூணு மாசத்துல சரியாயிடும். ரெண்டாவது தரம், உள்ள இருக்குற இழையே செத்துப்போயிருக்கும், ஆனா அது போற குழாய் மிச்சம் இருக்கும், அந்த குழாய் வழியா இழை திரும்ப முளைச்சு வளர்ந்து போகணும். மூணாவது, மொத்தமா அறுந்து போறது, ஜவ்வு அமுக்கி அந்த நெலமைக்கு போறது ரொம்ப அபூர்வம். ஜவ்வு கேஸ்ல பெரும்பாலும் முதல் ரெண்டும் கலந்துதான் இருக்கும், எந்த அளவுக்கு எது இருக்குங்கறதுதான் ஆளுக்கு ஆள் மாறுது.

இப்ப அந்த ரெண்டாவது தரத்துக்கு கணக்கு போடுங்க. இழை வளர்ற வேகம் ஒரு நாளைக்கு சுமாரா 1 மில்லிமீட்டர், அதாவது மாசத்துக்கு ஒரு இஞ்ச்னு வச்சுக்கலாம். இடுப்புல அமுக்கின எடத்துலேருந்து பாதத்த தூக்குற தசை, அதாவது முழங்காலுக்கு கீழ முன்பக்கம் இருக்குற தசை, அது வரைக்கும் கிட்டத்தட்ட 60, 70 சென்டிமீட்டர். அப்ப முழுக்க அந்த வழியில வளர்ந்துதான் வரணும்னா ஒன்றரை வருஷத்துக்கும் மேல, ரெண்டு வருஷம் கூட ஆகும். நரம்பு வந்து சேராம தசையும் ரொம்ப நாள் காத்திருக்காது, ஒரு வருஷம் ஒன்றரை வருஷத்துக்கு மேல போனா தசையே சுருங்கி கொழுப்பா மாற ஆரம்பிச்சிடும். கேக்கவே பயமா இருக்கும், ஆனா நல்ல விஷயம் என்னன்னா, சாகாம தப்பிச்ச இழைங்க பக்கத்துல கிளை விட்டு, ஆள் இல்லாம கெடக்குற தசை நாரையும் சேர்த்து பாத்துக்க ஆரம்பிக்கும், அதனாலதான் நிறைய பேருக்கு மூணாவது மாசத்துலேருந்து எட்டாவது மாசத்துக்குள்ள நல்ல முன்னேற்றம் தெரியுது. அப்பாவுக்கு பத்து வாரம்தான் ஆகுது.

வர்ற வரிசையும் ஒண்ணு இருக்கு, இத ஆபரேஷனுக்கு முன்னாடியே வீட்டுல இருக்குறவங்களுக்கு சொல்லிட்டா பாதி பயம் குறைஞ்சிடும். முதல்ல கால் வலி போகும், சில பேருக்கு மயக்கம் தெளிஞ்ச அன்னிக்கே. அப்புறம் மெதுவா பலம் வரும். கடைசியாத்தான் மரமரப்பு போகும், சில பேருக்கு கட்டைவிரல் பக்கம், பாதத்து மேல கொஞ்சம் எடத்துல மரமரப்பு அப்படியே தங்கிடும், அதோடயே நல்லா நடந்து வேலை பாத்து இருக்கலாம். நடுவுல எறும்பு ஊர்ற மாதிரி, கரண்ட் அடிக்கிற மாதிரி, ராத்திரில பாதம் எரியிற மாதிரி வரும். அது நரம்பு முழிச்சிக்கிற நேரத்துல வர்றதாவும் இருக்கலாம், சுகர்னால வர்ற எரிச்சலாவும் இருக்கலாம், அத டாக்டர்கிட்ட சொல்லி பிரிச்சு பாக்கணும்.

இனி எவ்வளவு நாள் வலியோட இருந்தாருங்கற விஷயம். இதுல நல்ல ஆராய்ச்சி இருக்கு. நெதர்லாந்துல, 6 லேருந்து 12 வாரமா கடுமையான சயாட்டிகா, அதாவது நரம்பு அமுங்கி கால் வரைக்கும் இழுக்குற வலி, இருந்த 283 பேர ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு சீக்கிரம் ஆபரேஷன், இன்னொரு பாதிக்கு பொறுத்திருந்து பாக்கலாம்னு வச்சாங்க, 2007-ல முடிவு வந்துச்சு. சீக்கிரம் பண்ணவங்களுக்கு வலி வேகமா குறைஞ்சுது, ஆனா ஒரு வருஷம் கழிச்சு பாத்தா ரெண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறிட்டோம்னாங்க, பொறுத்திருந்தவங்கள்ல 39 சதவீதம் பேர் நடுவுல ஆபரேஷனுக்கு போயிட்டாங்கன்னும் சேர்த்து சொல்லணும். அதனால முதல் ரெண்டு மூணு மாசம் வலி மட்டும் இருந்தப்ப நீங்க காத்திருந்தது தப்பே இல்ல, அத நெனச்சு யாரும் குத்த உணர்ச்சி படவேண்டாம். ஆனா அதுக்கு மேல போனா கதை மாறுது. கனடாவுல நாலு மாசத்துலேருந்து ஒரு வருஷம் வரைக்கும் வலி இழுத்தடிச்ச 128 பேர வச்சு பாத்ததுல, ஆபரேஷன் பண்ணவங்களுக்கு ஆறு மாசம் கழிச்சு கால் வலி தெளிவா கம்மி, இது 2020-ல வந்தது. அமெரிக்காவுல ஸ்போர்ட்னு பெரிய ஆய்வு ஒண்ணு, அதுல ஆறு மாசத்துக்கு மேல வலியோட இருந்துட்டு வந்தவங்களுக்கு ஆபரேஷன் பண்ணாலும் சரி பண்ணாட்டியும் சரி, பலன் கொஞ்சம் கம்மியாத்தான் இருந்துச்சு.

இது எல்லாமே வலிய பத்தின கணக்கு. பலம் குறையிறது வேற. பாதம் தொங்க ஆரம்பிச்சா பொறுத்திருந்து பாக்குற கட்டம் முடிஞ்சுதுன்னு அர்த்தம், அன்னிக்கே சர்ஜன பாக்கணும். அப்பாவுக்கு அந்த ரெண்டு மாசம் எண்ணெய் தேய்ச்சு நீவி விட்டுட்டு இருந்தீங்கன்னு எழுதியிருக்கீங்க. நடந்தது நடந்துடுச்சு, ஆனா இத படிக்கிற மத்தவங்க மனசுல வச்சுக்கணும்ங்கறதுக்காக சொல்றேன், உருவி விட்டு உள்ள பிதுங்கின ஜவ்வு உள்ள போகாது, அது நரம்புக்கு நாள் கடத்துற வேலை. பலம் திரும்ப வர்றதுல ரெண்டு விஷயம் முக்கியம், ஆபரேஷனுக்கு முன்னாடி எவ்வளவு பலம் மிச்சம் இருந்துச்சுங்கறதும், பலம் போய் எத்தன நாள் ஆச்சுங்கறதும். டாக்டருங்க 0 லேருந்து 5 வரைக்கும் மார்க் போடுவாங்க, 3-னா புவியீர்ப்ப எதிர்த்து தூக்க முடியுதுன்னு அர்த்தம். கேஸ் ஷீட்ல அப்பாவுக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி என்ன மார்க் போட்டிருக்காங்கன்னு கேட்டு வாங்குங்க, ஒப்பிட்டு பாக்கணும்னா அதோட ஒப்பிடுங்க, சித்தப்பா பையனோட வேண்டாம். அவனுக்கு வலி மட்டும்தான் இருந்திருக்கும், பலம் போயிருக்காது, சுகரும் இல்ல.

சுகர பத்தி கொஞ்சம் அழுத்தி சொல்லணும். சுகர் இருக்குற உடம்புல நரம்புக்கு ரத்தம் கொண்டு போற சின்ன சின்ன குழாய் எல்லாம் ஏற்கனவே பழுதா இருக்கும், அதுக்கு மேல ஜவ்வும் அமுக்கினா ரெண்டு அடி. காயம் ஆறுறது லேட்டாகும், சீழ் பிடிக்க வாய்ப்பும் அதிகம். அதனால மூணு மாச சராசரி சுகர், எச்பிஏ1சி டெஸ்ட், அது எவ்வளவுன்னு பாத்து கட்டுக்குள்ள கொண்டு வாங்க. அவர் எட்டு வருஷமா மெட்ஃபார்மின் மாத்திரை போட்டுட்டு இருந்தா பி12-ம் கண்டிப்பா பாக்கணும், அந்த மாத்திரை வருஷக்கணக்கா போடும்போது பி12 குறையலாம், அவர் சைவமா இருந்தா இன்னும் அதிக வாய்ப்பு. பி12 கம்மியானாலே கால் மரமரப்பு வரும், அது ஆபரேஷன் கணக்குல எழுதப்பட்டுடும். ரெண்டு காலும் ஒரே மாதிரி பாதத்துலேருந்து மேல ஏறி மரத்துப்போச்சுன்னா அது பெரும்பாலும் ஜவ்வு வேலை இல்ல, சுகர் இல்லன்னா பி12 வேலை.

பீடி. இத கண்டிப்பா நிறுத்தணும், இங்க நான் சமரசமே பேச மாட்டேன். ஜவ்வுக்கு நேரடியா ரத்த ஓட்டம் கெடையாது, பக்கத்து எலும்புலேருந்து கசிஞ்சு வர்ற சத்துலதான் அது உயிரோட இருக்கு, நிக்கோட்டின் அந்த சின்ன ரத்தக்குழாயெல்லாம் சுருக்கிடும். முதுகெலும்பு ஆபரேஷன் பண்ணவங்கள ஸ்வீடன்ல ஒரு பதிவேட்டுல வச்சு தொடர்ந்து பாக்குறாங்க, அதுல ரெண்டு வருஷம் கழிச்சும் புகை பிடிக்கிறவங்களுக்கு வலியும் கூட, நடக்குற தெம்பும் கம்மின்னு வந்திருக்கு. பத்து நாளைக்கு அவர் கோவமா இருப்பாரு, பொறுத்துக்கங்க.

அடுத்து, படுக்க வைக்கிறது. நம்ம வீடுகள்ல பாசத்துல பண்ற பெரிய தப்பு இதுதான். ஆபரேஷன் ஆனவரு அசையக்கூடாதுன்னு மூணு மாசம் கட்டில்ல வச்சு, தண்ணி கூட கையில கொண்டு வந்து குடுத்து, பெல்ட்ட தூங்கும்போது கூட கழட்டாம. முதுகு தசை அதுலயே கரைஞ்சு போயிடும், அப்புறம் எழுந்து உக்காந்தா குறுக்கு வலிக்கத்தான் செய்யும். 1990-கள்ல அமெரிக்காவுல காராஜீன்னு ஒரு சர்ஜன் தன்னோட பேஷன்ட்டுங்களுக்கு எந்த கட்டுப்பாடும் போடாம, முடிஞ்ச அளவுக்கு சீக்கிரம் வழக்கமான வேலைக்கு போங்கன்னு விட்டாரு, அதனால ஜவ்வு திரும்ப பிதுங்குறது அதிகம் ஆகல. அப்புறம் வந்த ஆய்வுகள எல்லாம் மொத்தமா சேர்த்து பாத்ததுலயும், ஆபரேஷன் ஆகி 4, 6 வாரத்துல ஒழுங்கான உடற்பயிற்சி ஆரம்பிச்சவங்களுக்கு வலி கம்மி, நடமாட்டம் நல்லா இருந்துச்சு, அதனால மறு ஆபரேஷன் கூடினதுக்கு ஆதாரம் இல்ல. அதுக்காக நாளைக்கே முழு கேஸ் சிலிண்டர தூக்க சொல்லல, அது 30 கிலோ கிட்ட வரும். நடைதான் முதல் மருந்து, காலைல பத்து நிமிஷம் சாயங்காலம் பத்து நிமிஷம், வாராவாரம் கொஞ்சம் கூட்டி, அவருக்கு இப்ப ஒரு நாளைக்கு முக்கா மணி நேரம் மொத்தமா வந்திருக்கணும். ஒரேடியா அரை மணிக்கு மேல உக்காந்தே இருக்க வேண்டாம். குனிஞ்சுக்கிட்டே திரும்பி தூக்குறது, அதாவது வண்டியிலேருந்து மூட்டைய இறக்குற அந்த அசைவு, அதுதான் ஜவ்வுக்கு ரொம்ப கெடுதல், அது இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். மலச்சிக்கல் வராம பாத்துக்கங்க, முக்கும்போது முதுகுக்குள்ள அழுத்தம் ஏறும், கொஞ்ச நாளைக்கு வெஸ்டர்ன் டாய்லெட் நல்லது.

வண்டிய பத்தி நீங்க கேக்கல, ஆனா வருமானம் அதுதான்னு புரியுது. குட்டி யானைல கிளட்ச் இடது கால்ல. பாதம் தூக்க வராம, பெடல் எங்க இருக்குன்னு உணர்ச்சியும் இல்லாம ஓட்டினா அது ரோட்டுல போற எல்லாருக்கும் ஆபத்து. பாதம் தானா எழுந்து பெடல விட்டு விலகுற அளவுக்கு வர்ற வரைக்கும் வேண்டாம்.

திரும்ப பிதுங்குமான்னு பயம் எல்லாருக்கும் உண்டு. 100 பேர்ல 5 லேருந்து 15 பேருக்கு அதே எடத்துல திரும்ப வரலாம். அது பெரும்பாலும் ஜவ்வோட வெளி வளையத்துல ஓட்டை எவ்வளவு பெருசுங்கறத பொறுத்தது. அதே காராஜீ 2003-ல எழுதினது, சின்ன கீறல் வழியா துண்டு வெளிய வந்த கேஸ்ல 100-க்கு ஒருத்தருக்குத்தான் திரும்ப வந்துச்சு, பெரிய ஓட்டை இருந்த கேஸ்ல 27 பேருக்கு. ஆபரேஷன் பண்ணவருக்கு அது கண்ணால தெரிஞ்சிருக்கும், கேளுங்க, சொல்லுவாரு. மைக்ரோஸ்கோப்பா எண்டோஸ்கோப்பாங்கற விளம்பரத்த வச்சு மனச கொழப்பிக்காதீங்க, கை தேர்ந்தவங்க பண்ணா வருஷம் கழிச்சு பலன் ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

மிச்சம் இருக்குற குறுக்கு வலி. இந்த ஆபரேஷன் கால் வலிக்கு பண்றது, முதுகு வலிக்கு இல்ல. இத ஆபரேஷனுக்கு முன்னாடி தெளிவா சொல்லாததாலயே எத்தனையோ பேர் ஏமாந்துட்டோம்னு நெனச்சு ஒடிஞ்சு போறத பாத்திருக்கேன். தேய்ஞ்ச ஜவ்வு தேய்ஞ்ச ஜவ்வுதான், அந்த வலிய தசை பலத்தாலதான் சமாளிக்கணும்.

இதோட சேர்ந்தது மனசு. சும்மா ஆறுதலுக்கு சொல்ற விஷயம் இல்ல இது, ஆபரேஷன் பலன முன்கூட்டி காட்டுற விஷயங்கள்ல மனச்சோர்வும், அசைஞ்சா ஏதாவது ஆயிடுமோங்கற பயமும் திரும்பத் திரும்ப வருது. ஏழு மாசம் தூக்கம் இல்லாம, வண்டி நின்னு, கடன் ஏறி, 58 வயசுல பையன் கையால செருப்பு மாட்டிக்கிற நெலமைல ஒருத்தர் இருந்தா மனசு ஒடியத்தான் செய்யும். அவர் பேச்ச குறைச்சிட்டாரா, சாப்பாடு குறைஞ்சிடுச்சா, நாலு மணிக்கே முழிச்சு உக்காந்துக்கிறாரான்னு பாருங்க. இருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க, அதுக்கும் மருந்து உண்டு, அது சரியானா கால் பயிற்சியும் அவரே பண்ணுவாரு.

எம்ஆர்ஐ திரும்ப எடுக்கலாமான்னு கேட்டீங்க. அந்த நெதர்லாந்து ஆய்வுலயே ஒரு வருஷம் கழிச்சு கிட்டத்தட்ட எல்லாருக்கும் எம்ஆர்ஐ எடுத்தாங்க. நல்லா தேறினவங்கள்ல 35 சதவீதம் பேருக்கு படத்துல ஜவ்வு பிதுங்கல் தெரிஞ்சுது, தேறாதவங்கள்ல 33 சதவீதம். அதாவது படத்த மட்டும் பாத்து ஆளோட நெலமைய சொல்ல முடியல. அதனால இப்ப எடுத்து, ரிப்போர்ட்ல இன்னும் பல்ஜ் இருக்குன்னு ஒரு வரிய படிச்சு தூக்கம் கெட வேண்டாம். போன கால் வலி திடீர்னு திரும்ப வந்தாலோ, பலம் இன்னும் குறைஞ்சாலோ எடுக்கணும், அப்பவும் தழும்பா ஜவ்வான்னு பிரிச்சு பாக்க ஊசி மருந்து போட்டு எடுக்குற எம்ஆர்ஐ. அவருக்கு சுகர் இருக்கறதால கிட்னி டெஸ்ட் பாத்துட்டு போடுவாங்க.

இது ஒண்ண மட்டும் ஃபிரிட்ஜ் மேல எழுதி ஒட்டுங்க. மூத்திரம் அடைச்சுக்கிட்டாலோ தெரியாம போனாலோ, ஆசனவாய் சுத்தி, சைக்கிள் சீட் படுற எடத்துல உணர்ச்சி இல்லாம போனாலோ, ரெண்டு காலும் பலம் குறைஞ்சாலோ, காய்ச்சலோட புண்ணுலேருந்து நீர் வடிஞ்சாலோ, விடியட்டும்னு காத்திருக்காம அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு போங்க.

மரத்த பாதத்த பாத்துக்கறது தனி வேலை. வேலூர் சிஎம்சி-ல இருந்த பால் பிராண்ட் டாக்டர் தொழுநோய் பேஷன்ட்டுங்கள பாத்து உலகத்துக்கே சொன்ன விஷயம், அவங்க காலு அழுகறதுக்கு காரணம் வலி தெரியாம போறதுதான்னு. கல்லு குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது, அதே கால்லயே நடந்துட்டு இருப்பாங்க. அப்பா கால்லயும் இப்ப அந்த நெலமைதான், கூட சுகர் வேற. சுடுதண்ணி பை ஒத்தடம் அந்த பாதத்துக்கு குடுக்கவே குடுக்காதீங்க, கொப்புளம் வந்தப்புறம்தான் தெரியும். மத்தியான வெயில்ல கோயில் பிரகாரத்துல வெறுங்கால்ல நடக்க வேண்டாம். ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி பாதத்து அடிய நீங்களே டார்ச் அடிச்சு பாருங்க. ஹவாய் செருப்புக்கு பதிலா பின்னாடி வார் வச்ச செருப்பு, நடக்கும்போது பாதத்த தூக்கிப் பிடிக்கிற ஸ்ப்ளின்ட், இது ரெண்டும் இன்னிக்கே வாங்குங்க. ஸ்ப்ளின்ட் போட்டா தசை சோம்பேறி ஆயிடும்னு யாராவது சொல்லுவாங்க, ஆகாது, தடுக்கி விழாம இருக்கணும், குதிகால் பின்னாடி இருக்குற தசைநாண் இறுகிடாமலும் இருக்கணும்.

ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவர நாற்காலில உக்கார வச்சு, குதிகால் தரைல இருக்க பாதத்தோட முன்பக்கத்தையும் கட்டைவிரலையும் தூக்க சொல்லி பத்து செகண்ட் வீடியோ எடுங்க. தினம் பாத்தா முன்னேற்றம் கண்ணுக்கு தெரியாது, முதல் வீடியோவையும் ஆறாவது வீடியோவையும் பக்கத்துல வச்சு பாத்தா தெரியும். நாலு மாசம் ஆகியும் சின்ன துடிப்பு கூட இல்லன்னா நரம்பு, தசை ரெண்டுக்கும் கரண்ட் டெஸ்ட், அதாவது என்சிஎஸ், ஈஎம்ஜி எடுத்து இழை முளைக்குதான்னு பாக்கலாம். ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் ஆகியும் வரலன்னா தசைநாண மாத்தி வைக்கிற ஆபரேஷன்னு ஒண்ணு இருக்கு, தொழுநோய்ல தொங்குற பாதத்துக்கு நம்ம ஊருல பல வருஷமா பண்ணிட்டு வர்றதுதான். ஆனா அதுக்கு எடுக்குற தசைக்கும் ஜவ்வு அமுக்கின இதே எல்5 நரம்புதான் போகுது, அதனால அந்த தசை பலமா இருக்கான்னு நல்லா சோதிச்சுட்டுத்தான் முடிவு பண்ணுவாங்க. அது இப்ப யோசிக்க வேண்டிய விஷயம் இல்ல.

அடுத்த தடவ சர்ஜன பாக்கும்போது அந்த வீடியோ, எச்பிஏ1சி, பி12 ரிசல்ட், பழைய கேஸ் ஷீட் மார்க், இது நாலும் கையில இருக்கட்டும். அப்பா கட்டைவிரல் அசைஞ்ச அன்னிக்கு எனக்கும் ஒரு வரி எழுதுங்க தம்பி.